ஜூனிப்பரின் பின்பலகையில் நான்கு துளைகள்

என் படகில் என்னைக் கேட்காமல் நான்கு துளைகள் போட்டார்கள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "நல்ல மனசோடதானே செஞ்சாங்க?" என்பதுதான். நல்ல மனசு இருக்கட்டும். நல்ல மனசுக்குக் கையில் டிரில் மெஷின் எதற்கு?

ஜூனிப்பர் என் பெயரில் பதிவான படகு. பத்தொன்பது அடி, பைபர் உடம்பு, முன்பக்கம் நனையாமல் நிற்க ஒரு சின்னக் கூரை, பின்னால் நூற்றுப்பதினைந்து குதிரைத்திறன் மோட்டார். ஃபெர்ரியின் இயந்திர அறையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற வாரமே வாங்கினேன். என் கணவன் ஹார்வி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன். தங்கமான மனுஷன். ஆனால் திருகாணி எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் சொல்வான்.

இருந்தாலும் டோலன் துறையில் மோட்டார் பேச்சு வந்தால் எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கேள்வி கேட்பது நானாக இருக்கும், பதில் அவனுக்குப் போகும். தபால்காரன் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. அவனும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வான்.

எங்கள் பக்கத்துக் கடலில் மரம் வெட்டுகிறவர்கள் தவறவிட்ட கட்டைகள் பாதி முங்கியபடி மிதக்கும். பெரிய மோட்டாரின் விசிறி ஒன்றில் மோதினால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் எல்லோரும் பெரியதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மோட்டார் மாட்டிவைப்பார்கள். மீனுக்கு மெதுவாகத் தூண்டில் இழுக்க உதவும், பெரியது நின்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நானும் ஆகஸ்டில் எட்டுக் குதிரைத்திறனில் பழைய மோட்டார் ஒன்று வாங்கி, கார் ஷெட்டில் வைத்து முழுக்கக் கழற்றிப் பூட்டினேன். எங்கே, எப்படி மாட்டுவது என்று ஒரு மாதம் அளந்து பார்த்துப் படமும் வரைந்தேன். வலது பக்கம் தாங்கி. உள்பக்கம் கனத்த அலுமினியத் தகடு, பளு ஒரே இடத்தில் விழாமல் இருக்க. துளைகளுக்குள் படகுக்கென்றே வரும் பசை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சின்ன மோட்டாருக்குத் தனி பெட்ரோல் டாங்க்.

இதை ஹார்வியிடம் காலைச் சாப்பாட்டு மேசையில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். பெரிய மோட்டார் நடுக்கடலில் நிற்பதற்குப் பாதி நேரம் காரணம் கெட்டுப்போன பெட்ரோல். அதே பெட்ரோலை அதே குழாயில் உறிஞ்சுகிற சின்ன மோட்டார் எப்படி ஓடும்? "ஆமா ஐலி, சரிதான்" என்று டோஸ்டில் ஜாம் தடவுவான். படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். பன்னிரண்டு லிட்டர் சிவப்பு டாங்க் ஒன்றும் வாங்கிவைத்தேன்.

செப்டம்பரில் என் தங்கை லெம்பிக்கு முழங்கால் ஆபரேஷன். அவள் இருக்கும் நனைமோவுக்குப் போய் நான்கு நாள் அவளோடு இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வந்து நேராகத் துறைக்குப் போனால், ஜூனிப்பருக்குப் பக்கத்தில் ஒரு வரவேற்புக் குழுவே நின்றது. ஹார்வி, அவன் தோழன் வெண்டல் க்ராக், தூண்டில் இரை விற்கும் தெல்மா. என் சின்ன மோட்டார் படகின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் ஒரு சிவப்பு ரிப்பன்.

"சர்ப்ரைஸ்!" என்றான் ஹார்வி. முகம் முழுக்கச் சிரிப்பு.

படகில் இறங்கினேன். முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. வினிகர் வாசனை. அந்த வாசனை எந்தப் பசைக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். குளியலறைத் தொட்டியின் ஓரத்தில் பூசுகிற வெள்ளை சிலிக்கான். கீழே இருந்த இரண்டு துளைகளும் தண்ணீர் மட்டத்துக்கு நான்கு விரல் மேலே. பைபர் தோலுக்குள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் பலகை உள்ளுக்குள்ளேயே ஊறி, இரண்டு வருஷத்தில் கஞ்சியாகிவிடும். உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். தகடு இல்லை. பட்டன் அளவு வாஷர்கள் நான்கு. பின்தளத்து மூடியைத் தூக்கினேன். பெரிய மோட்டாரின் குழாயை நடுவில் அறுத்து, ஒரு மூன்றுவழி இணைப்பு போட்டு, சின்னதற்கும் அதிலிருந்தே வாய் கொடுத்திருந்தார்கள்.

"யாரு போட்டது இந்த ஓட்டை?" என்றேன்.

"வெண்டல்தான். காலையிலேர்ந்து மழையில நின்னு போட்டான் பாவம்" என்றான் ஹார்வி.

"யாரைக் கேட்டுப் போட்டான்?"

வெண்டல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். பழைய மரம் அறுக்கும் ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். இன்னும் அந்த வேலையிலிருந்து அவன் இறங்கவில்லை. "எதுக்கு கண்ணு டென்ஷன்? நாப்பது படகுக்கு நான் மாட்டியிருக்கேன்" என்றான்.

அறுபத்திரண்டு வயதில் நான் இவனுக்குக் கண்ணு.

"நாப்பது படகு உங்கிட்ட வந்து மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. இது பாத்ரூம் சிலிக்கான்யா! நீ என்ன என் படகுல குளிக்கப் போறியா?"

தெல்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைப்பக்கம் நகர்ந்தாள். வெண்டல் ஹார்வியைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவுக்குப் பயணக் களைப்பு போல" என்றான். என்னைப் பற்றி, என் முன்னால் வைத்து, என் கணவனிடம்!

"தனி டாங்க் எங்க? படம் வரைஞ்சு ஒட்டியிருந்தேனே" என்றேன்.

"அது ஒரு இடைஞ்சல், கண்ணு. கால்ல இடறும். இப்ப பாரு, எல்லாம் ஒரே டாங்க், நீட்டா இருக்கு. டாங்க்கை நானே ரொப்பிட்டேன், எங்க ஷெட்டு பீப்பாயிலேர்ந்து. நீங்க பெட்ரோலுக்குன்னு அலையவே வேணாம்."

நான் ரிப்பனை அவிழ்த்து வெண்டலின் சட்டைப்பையில் திணித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் என் படம் இல்லை. அது சமையல் மேடையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் வெண்டலின் கோணல் எழுத்தில், வாங்க வேண்டிய சாமான் பட்டியல். முதல் வரி: சிலிக்கான், வெள்ளை. ஒரு மாத யோசனையின் முதுகில் எழுதியிருக்கிறான்!

"ஏன் ஹார்வி?" என்று கேட்டேன். "அந்தப் படத்தை அவன்கிட்டக் காட்டுனியா இல்லியா?"

"காட்டினேன்மா. அவன் இப்படித்தான் எல்லாரும் மாட்டுறாங்கன்னான். அவனுக்குத் தெரியும்ல?"

"எனக்கு?"

அவன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நீ வந்ததும் சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்" என்றான்.

அழுதிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். சாப்பிட்டு முடித்ததும், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே துறைக்குத் திரும்பப் போனேன். மூடியைத் தூக்கி, அந்த மூன்றுவழி இணைப்பைப் பிடுங்கிப் போட்டேன். பெரிய மோட்டாரின் குழாயைப் பழையபடி ஒன்றாக்கினேன். சின்ன மோட்டாரின் குழாய்முனையில் என் சிவப்பு டாங்க்குக்குப் பொருந்தும் இணைப்பை மாட்டி, துணி சுற்றி மூடிக்குக் கீழே விட்டேன். கையோடு கொண்டுவந்திருந்த அந்த டாங்க்கில் பெட்ரோல் இருந்தது. ஆனால் அதைக் கட்டிவைக்கப் பட்டை இல்லை, நல்ல பசையும் தகடும் இல்லை. அவற்றை மறுநாள் நகரத்தில் வாங்க வேண்டும். அதனால் டாங்க்கை முன்பக்கப் பெட்டியில், மிதவைச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். மேலிருந்து பார்த்தால் எதுவும் மாறியது போல இருக்காது. மோட்டாரிலிருந்து குழாய் மூடிக்குள் போகும். போய் அங்கே ஒன்றிலும் சேராது.

திரும்பி வந்தபோது ஹார்வி, "எங்க போயிருந்தே?" என்றான்.

"நடந்துட்டு வந்தேன்" என்றேன். அவன் கேட்காமல் துளை போட்டான், நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனிக்கவும் செய்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமை காலை அவன் எழுவதற்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனேன். அன்றைக்குத் துறையின் சால்மன் போட்டி. படகுகளெல்லாம் தீவின் மேற்குப் பக்கம் போயிருக்கும். நாங்கள் கலந்துகொள்ளவில்லை. என் படகுக்கு வைத்தியம் முடியாமல் அது எங்கேயும் போகப் போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவையும் யாரிடமும் சொல்லவில்லை.

பசை, தகடு, பட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குத் துறைக்கு வந்தேன். ஜூனிப்பர் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது.

எங்கள் துறையில் எல்லோர் படகுச் சாவியும் தெல்மா கடைச் சுவரில் ஆணியில் தொங்கும். யாருக்காவது அவசரம் என்றால் யார் படகையும் எடுக்கலாம் என்று பழைய ஏற்பாடு. என் ஆணி காலியாக இருந்தது.

"தெல்மா, யாரு எடுத்தா?"

"ஹார்வியும் வெண்டலும்தான். பதினோரு மணிக்குப் போனாங்க. உனக்கு ஒரு பெரிய சால்மனைப் புடிச்சிட்டு வந்து கொதிச்சு நிக்கிறவளைக் குளிர வைக்கணுமாம். சர்ப்ரைஸ்னு சொல்லிட்டுப் போனாரு உன் வீட்டுக்காரரு." எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துவிட்டு, "சின்ன மோட்டாரை இங்கயே ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் போனாங்க. அரை நிமிஷம் ஜம்முனு ஓடுச்சு" என்றாள்.

ஓடியிருக்கும். கார்பரேட்டரின் கிண்ணத்தில் தங்கியிருந்த பெட்ரோலில் ஒரு நிமிஷம் ஓடும். அதற்குமேல் ஓடாது.

"எங்க போறாங்கன்னு சொன்னாங்களா?"

"சீல் பாறைக்கு."

சீல் பாறைக்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டரில் தொண்டை இருக்கிறது. இரண்டு தீவுகள் நெருங்கி, நடுவில் கடல் ஒரு சந்தாகப் போகிற இடம். கடல் வற்றி நீர்மட்டம் இறங்கும்போது வடக்குக் கடல் முழுவதும் அதற்குள் நுழையப் பார்க்கும். அப்போது அங்கே தண்ணீர் படிக்கட்டாக நிற்கும். ஃபெர்ரியே அந்த நேரத்தில் காத்திருந்துதான் போகும். அன்றைக்கு இரண்டு ஐம்பதுக்கு அந்த இழுப்பு முழு வேகத்தில் இருக்கும்.

அப்போது கடை அலமாரியில் இருந்த ரேடியோ கரகரத்தது. ஹார்வியின் குரல். வகுப்பில் பையன்கள் கேட்காதபோது கொஞ்சம் உயருமே, அந்தக் குரல்.

"டோலன் துறை, டோலன் துறை, இது ஜூனிப்பர். பெரிய மோட்டார் நின்னுபோச்சு. இருமி இருமி நின்னுது. சின்னதும் அரை நிமிஷம்கூட ஓடாம நின்னுபோச்சு. சீல் பாறையைத் தாண்டிட்டோம். தெக்க இழுக்குது. ஓவர்."

வெண்டல் வீட்டு ஷெட்டுப் பீப்பாய்! அதில் பெட்ரோல் எவ்வளவு இருந்ததோ, அதே அளவு மழைத்தண்ணீரும் இருந்திருக்கும்.

தெல்மா மைக்கை எடுத்து நங்கூரம் போட்டாயா என்று கேட்டாள். போட்டார்களாம், தரை தட்டவில்லையாம். தட்டாது. அங்கே ஆழம் நூற்றைம்பது மீட்டர், என் கயிறு அறுபது. அவள் கடலோரக் காவலைக் கூப்பிட்டாள். அவர்களின் படகு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். போட்டிக்குப் போன படகுகளில் ஒருவன், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறேன், ஐம்பது நிமிஷம் என்றான். ஜூனிப்பருக்கு ஐம்பது நிமிஷம் இல்லை.

தெல்மா என்னைப் பார்த்தாள். நான் மைக்குக்குக் கை நீட்டினேன், ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. அந்த அலைவரிசையை எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போட்டிக்குப் போன இருபத்தெட்டுப் படகும், காவல் நிலையமும், சமையலறையில் ரேடியோவைத் திறந்துவைத்திருக்கும் பாதி ஊரும். சண்டைபோட்டு, சொல்லாமல் கொள்ளாமல் குழாயைப் பிடுங்கி, கணவனைத் தொண்டைக்கு அனுப்பியவள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். இந்தக் கணக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. ஹார்வி அங்கே இழுபட்டுக்கொண்டிருக்கும்போது நான் என் மானத்தைப் பற்றி யோசித்தேன். வெண்டல் போட்ட துளைகளைவிட எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இன்றைக்கும் அந்த ஒரு நொடிதான்.

அழுத்தினேன். "ஹார்வி, நான் ஐலி. சின்ன மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல. குழாயை நான்தான் கழட்டிவிட்டேன். நேத்து சாயங்காலம். உங்கிட்டச் சொல்லல. கேக்குதா?"

"கேக்குது" என்றான்.

"முன்னால பெட்டியைத் தெற. மிதவைச் சட்டைக்குக் கீழ என் செவப்பு டாங்க் இருக்கு, அதை எடுத்துட்டுப் பின்னால வா. மூடியைத் தூக்குனா துணி சுத்துன குழாய் ஒண்ணு இருக்கும். அதை டாங்க்குல வச்சு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுத்து."

குறுக்கே வெண்டலின் குரல் வந்தது. மைக்கை வாங்கிவிட்டான் போல. "கண்ணு, குழாயெல்லாம் நான் நல்லாத்தான் போட்டிருக்கேன். காத்து புடிச்சிருக்கு, அவ்ளோதான். குழாயில இருக்குற ரப்பர் குமிழை அமுக்கிட்டே இருந்தா பெட்ரோல் வந்துரும். நீ பதறாத."

"யோவ்! அந்தக் குமிழ் எவ்வளவு அமுக்குனாலும் கொழகொழன்னுதான் இருக்கும்! அந்தக் குழாய் எதுலயும் சேரல! சேந்திருந்தாலும் உன் பீப்பாய்த் தண்ணியைத்தான் குடிச்சிருக்கும்! மைக்கை ஹார்விகிட்டக் குடு!"

இரைச்சல். தெல்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்த ஹார்வி இந்த இடத்தில் வெண்டலைப் பார்ப்பான். பத்து வருஷமாகப் பார்த்தவன்தானே. அங்கே யாரோ மைக்கின் பொத்தானை அழுத்தியபடி வைத்திருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஹார்வி, அந்த டாங்க்கை உருட்டிட்டு நேரத்தை வீணாக்காத. நான் சொல்றதைக் கேளு..."

"வெண்டல், தள்ளு."

"என்னப்பா நீ..."

"தள்ளுன்னு சொல்றேன்ல! படகு அவளோடது. அவ சொல்றதைத்தான் செய்யப்போறேன். தள்ளுடா!"

ஹார்வி யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. முப்பது வருஷம் வகுப்பில் நின்றவன், ஒரு பையனைக்கூட அப்படிச் சொன்னதில்லை.

அவன் குரல் திரும்ப வந்தபோது மூச்சு வாங்கியது. "டக்குனு சத்தம் வந்துச்சு. அடுத்து?"

"டாங்க் மூடி மேல சின்னத் திருகு ஒண்ணு இருக்கு. அதை இடப்பக்கம் திருப்பித் தெறந்துவிடு. இல்லன்னா உள்ள காத்துப் போகாம ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். இடப்பக்கம், ஹார்வி. யோசிக்காத."

"தெறந்துட்டேன்."

"குமிழை அமுக்கு. பெட்ரோல் ஏறிக் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும்."

"ஆயிடுச்சு... ஆயிடுச்சு ஐலி, கெட்டியா இருக்கு!"

"சோக்கை இழு. கியரு நடுவுல இருக்கான்னு பாத்துக்கோ. இப்போ கயிறை இழு. பாதியில விட்டுடாத, கடைசி வரைக்கும் இழு."

ஒன்று. இரண்டு. மைக்கை வெண்டல் அழுத்திப் பிடித்திருந்தான் போல, ரேடியோவில் கயிறு சுருளும் சத்தம்கூடக் கேட்டது. அதற்குப் பின்னால் வேறொரு சத்தமும் இருந்தது. தூரத்தில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி ஒரு இடைவிடாத உறுமல். அது தொண்டை. தெல்மாவுக்கும் தெரிந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று. நான்காவது இழுப்பில் என் மோட்டார் பிடித்தது. நானே கழற்றி நானே பூட்டிய மோட்டார். அதன் சத்தத்தை நூறு மோட்டாருக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்.

"நேரா வடக்க வராத. இழுப்பை எதிர்த்து உன்னால வரமுடியாது. கிழக்குக் கரையை ஒட்டிப் போ, பாறைக்குப் பக்கத்துல தண்ணி திரும்பி ஓடும். அதைப் புடிச்சு வா. மெதுவா."

"சரி." பிறகு, "ஐலி, தாங்கி ஆடுது. போல்ட்டு உள்ள இறங்குற மாதிரி இருக்கு."

பட்டன் அளவு வாஷர்! பல்லைக் கடித்துக்கொண்டேன். "வெண்டலை அதுமேல உக்கார வை. கட்டிப்புடிச்சிக்கச் சொல்லு. விட்டான்னா மோட்டாரோட அவனும் போவான்னு சொல்லு."

உதவிக்கு வந்த படகு, ஓடுகிற மோட்டாரை நிறுத்த வேண்டாமென்று துணைக்கு மட்டும் பக்கத்தில் வந்தது. வெண்டல் இரண்டு மணி நேரம் அந்த மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தான். மூன்றரை மணிக்கு அவர்கள் துறைக்குள் நுழையும்போது போட்டிப் படகுகள் பலதும் திரும்பி வந்திருந்தன. படகின் பின்னால் தொப்பி இல்லாமல், மூக்கு சிவந்து, காதலியை வழியனுப்ப மனமில்லாதவன் மாதிரி மோட்டாரில் கன்னத்தை வைத்து வெண்டல் தொங்கிக்கொண்டிருந்ததை மொத்தத் துறையும் பார்த்தது. அதைப் பார்த்து அவர்கள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும்.

கைதட்டினார்கள்.

"வெண்டல் இல்லன்னா மோட்டார் கழண்டு போயிருக்கும்!" என்றான் ஒருவன். "மாட்டுனவனே புடிச்சிட்டு வந்தான் பாரு, அதுக்குப் பேரு பொறுப்பு" என்றான் இன்னொருவன். யாரோ அவன் தோளில் கம்பளி போர்த்தினார்கள். தெல்மா ரம் ஊற்றிய காபி கொடுத்தாள், தெல்மாவுமா! ரேடியோவில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஆனால் அவர்கள் காதில் தங்கியது ஒன்றுதான். ஐலி குழாயைப் பிடுங்கிவிட்டாள், வெண்டல் மோட்டாரைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பீப்பாய், அந்த வாஷர், அந்த டாங்க், அதெல்லாம் காற்றோடு போய்விட்டது. சாயங்காலம் போட்டிப் பரிசளிப்பில் வெண்டலுக்கு என்று ஒரு தனிக் கோப்பை கொடுத்தார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் கோப்பை யார் தலையிலாவது உடைந்திருக்கும்.

அன்று துறையில் ஹார்வி மட்டும் கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. மன்னிப்பு கேட்பான் என்று நினைத்தேன், நானும் கேட்கத் தயாராகத்தான் நின்றேன். அவன் கேட்டது வேறு.

"அந்த ஓட்டையை அடைக்கணும்ல? பசை வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"நான் என்ன செய்யணும்? சொல்லு."

ஞாயிறும் திங்களும் வேலை செய்தோம். நான் சொன்னேன், அவன் செய்தான். சிலிக்கானைக் கடைசித் துணுக்கு வரை சுரண்டினான். நான்கு துளைகளையும் அகலமாக்கி, ஹீட்டர் வைத்து உலர்த்தி, பிசின் ஊற்றி நிரப்பினோம். கீழே இருந்த இரண்டில் அதற்குள் ஈரம் ஏறியிருந்தது. பிறகு ஒரு சாண் தள்ளி, என் படத்தில் உள்ள இடத்தில் புதுத் துளை போட்டு, தகடும் பசையும் வைத்து மாட்டினோம். சிவப்பு டாங்க் பட்டையில் கட்டிப் பின்மூலையில் உட்கார்ந்தது. அது யார் காலிலும் இடறவில்லை. எல்லாம் முடிந்து ஹார்வி வெள்ளைப் பெயின்ட்டைக் கலக்கி, பழைய துளைகளின் தழும்பை மறைக்கப் போனான். வேண்டாம் என்றேன். நான்கு மஞ்சள் வட்டங்களும் அப்படியே இருக்கட்டும். பின்பலகையில், எல்லோர் கண்ணிலும் படும்படி.

வெண்டல் இன்னும் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறான். இன்னும் அடுத்தவர் படகுகளுக்கு மாட்டித்தருகிறான். கோப்பையைத் தன் வண்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். இதற்கெல்லாம் நான் என்ன செய்வது? எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறப்போவதுமில்லை.

ஆனால் போன வாரம் படகை இறக்கும்போது வெளியூர்க்காரர் ஒருவர் பின்பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல ஹார்வியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏங்க, இது என்ன நாலு தழும்பு?"

ஹார்வி கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "அதுவா? படகுக்காரியைக் கேக்காம நான் போட்ட ஓட்டைங்க."

"ஓ" என்றார் அவர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"அவ எங்கிட்டச் சொல்லாம கழட்டுன குழாய்க்குத்தான் தழும்பே இல்ல" என்றான் ஹார்வி. "அது ஒண்ணுதான் எனக்குக் குறை. மோட்டாரைப் பத்தி வேற எதுன்னாலும் அவகிட்டக் கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.